பூனைக்கண் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

அந்தக் காலத்தில் பூனைக்குப் பேச்சு வரும். வரும் என்றால் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை இல்லை. ஊர்க்கூட்டத்திலேயே வந்து உட்கார்ந்து குறுக்கே பேசும், யாரும் விரட்ட மாட்டார்கள். அப்போது ஆற்றங்கரையில் நாவற்குடி என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்களின் கண் ஒவ்வொன்றும் நாவற்பழம் மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். அதில் அவர்களுக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அப்பப்பா, சொல்லி மாளாது!

பெருமை வந்தால் கூடவே சட்டமும் வந்துவிடும் அல்லவா? பிள்ளை குப்புற விழும் பருவத்தில் அப்பன் வீட்டார் கூடி வந்து அதன் கண்ணைப் பார்ப்பார்கள். கருப்பாக இருந்தால் 'நம்ம பிள்ளை' என்று தூக்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பரிசலில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கரை மீனவர்கள் இரக்கப்பட்டவர்கள், எடுத்து வளர்ப்பார்கள். ஆனால் அப்படிப் போனவர்கள் திரும்ப இக்கரையில் கால் வைக்கக் கூடாது. பெற்றவளின் பிறந்த வீட்டாருக்கோ இந்தச் சடங்கில் இடமே கிடையாது. எந்தப் புத்திசாலி போட்ட சட்டமோ!

இந்த ஊருக்கு மலைப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் சிலம்பாயி. புருஷன் காராளன், ஊர்த்தலைவர் மலையாண்டாரின் மகன். நல்லவன்தான். ஆனால் அப்பா எதிரில் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் நல்லவன். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. பிள்ளை குப்புற விழுந்து தலையைத் தூக்கிச் சிரித்த அன்று சிலம்பாயி அதை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளையின் கண் கருப்பாக இல்லை, தேன் நிறத்தில் இருந்தது.

இன்னொன்றையும் அவள் பார்த்திருந்தாள். பிள்ளையின் வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், ஊசியால் குத்தினது மாதிரி சின்னதாக ஒரு துளை. பூச்சி கடித்திருக்கும் என்று எண்ணெய் தடவிப் பார்த்தாள். அது ஆறவும் இல்லை, வலிக்கவும் இல்லை. கண்ணைப் பற்றிய கவலையில் காதை மறந்துவிட்டாள்.

கண் பார்க்கும் நாள் வந்தது. மலையாண்டார் வழக்கம்போலத் தலைப்பாகையைக் காது மறைய இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குளிக்கும்போதுகூடக் கழற்றுவாரோ மாட்டாரோ என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேத்தியின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"பூனைக்கண்ணு!" என்று யாரோ கத்தினார்கள். உடனே எல்லாரும் அந்த வீட்டுப் பூனையான கரிச்சியைப் பார்த்துத் திரும்பினார்கள். "ஏண்டி, நீதான் பிள்ளையை மாத்தி வெச்சியா?"

"அடக் கடவுளே!" என்றது கரிச்சி. "என் குட்டிகளைக் கவ்விக்கிட்டு இடம் மாத்தவே எனக்கு நேரம் பத்தல. உங்க பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? எலி பிடிக்கவா?"

மலையாண்டார் சிரிக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள பரிசல் ஏத்திடுங்க" என்றார்.

சிலம்பாயி பிள்ளையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மாமா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேனுங்க. நான் பெத்த உசுருங்க இது!" என்று கதறினாள். காராளன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

கரிச்சிக்குப் பொறுக்கவில்லை. நடுவில் வந்து உட்கார்ந்தது. "பெரியவரே, நான் கருப்பு. என் ஜோடியும் கருப்பு. ஆனா எங்களுக்குச் சாம்பல் நிறத்திலயும் குட்டி பிறந்திருக்கு. யாரு மாத்தி வெச்சா?"

"நீயே சொல்லு."

"ஒவ்வொரு குட்டிக்கும் ஆத்தாகிட்ட இருந்து ஒரு பங்கு, அப்பன்கிட்ட இருந்து ஒரு பங்கு. கருப்புப் பங்கு வாயாடி. அது இருக்கிற இடத்துல சாம்பல் பங்கு வாயே திறக்காது, மூலையில குந்தியிருக்கும். என் ஆத்தா சாம்பல், என் ஜோடியோட அப்பன் சாம்பல். அந்த ஊமைப் பங்கு எங்க ரெண்டு பேருக்குள்ளயும் இருந்திருக்கு. ரெண்டு ஊமையும் ஒரே குட்டிக்குப் போயிட்டா, அங்க அதட்ட வாயாடி இல்ல. அப்பத்தான் சாம்பல் வெளியில வரும்."

சிலம்பாயிக்குச் சட்டென்று பொறி தட்டியது. "மாமா! எங்கம்மாவைப் பெத்த தாத்தாவுக்கு இதே தேன் கண்ணுங்க!"

"பாத்தியா, உன் பக்கத்துக் கோளாறு!" என்றார் மலையாண்டார்.

"ஒரு பக்கம் பத்தாது" என்றது கரிச்சி. "உங்க பக்கத்துல இருந்தும் ஒரு பங்கு வந்திருக்கணும். நல்லா யோசிச்சுப் பாருங்க, உங்க வம்சத்துல யாருமே இல்லையா?"

மலையாண்டாரின் முகம் ஒரு நொடி வெளுத்துப் போனது. "இல்லை!" என்று கத்திவிட்டு எழுந்து ஆற்றை நோக்கி நடந்தார். ஊரே பின்னால் போனது.

பரிசல்காரி தங்காயி அக்கரையிலிருந்து வந்து, துறையை ஒட்டிப் பரிசலை நிறுத்தினாள். தலை நரைத்தவள், ஆனால் துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இறுகியிருந்தது. கரையில் கால் வைக்காமல் பரிசலில் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டினாள். "குடு அம்மிணி. என் மக மாதிரிப் பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்கும் தேன் நிறக் கண்தான். அக்கரையில் அது அதிசயமில்லை.

ஆற்றுக்காற்று அவள் முடியைக் கலைத்தது. அவள் அதை அள்ளிக் கொண்டை போட்டாள். அப்போதுதான் சிலம்பாயி பார்த்தாள். வலது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், ஊசியால் குத்தினது மாதிரி ஒரு துளை.

"ஏனுங்கம்மா, இது என்ன காயமுங்க?"

"காயமில்ல கண்ணு. பிறக்கும்போதே இருந்துச்சாம். என்னையும் இந்தத் துறையில இருந்துதான் ஏத்தி விட்டாங்க. யாரு பெத்தாங்கன்னு தெரியாது. பெத்தவங்க குடுத்ததுன்னு எங்கிட்ட இருக்கறது இந்த ஓட்டை ஒண்ணுதான்."

சிலம்பாயிக்கு அழுகை நின்றுவிட்டது. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள், மறுகையால் தங்காயியின் மணிக்கட்டைப் பிடித்தாள், ஒரே இழுப்பாகக் கரையில் இழுத்து நிறுத்தினாள். "ஐயோ, அக்கரைக்காரி மண்ணை மிதிச்சுட்டா!" என்று கூட்டம் அலறியது. சிலம்பாயி காதில் எதுவும் விழவில்லை. நேராக மாமனார் எதிரில் போய் நின்றாள்.

"பாருங்க மாமா! இந்த அம்மா காதுல பாருங்க, என் பிள்ளை காதுல பாருங்க. எங்க வீட்டுல இப்படி ஒருத்தருக்கும் கிடையாது. அப்ப இது எங்கிருந்து வந்துச்சுங்க?"

மலையாண்டார் இரண்டு கையாலும் தலைப்பாகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் பெரியவரே, காத்து அவ்வளவு பலமாவா அடிக்குது?" என்றது கரிச்சி. கேட்ட வேகத்தில் ஒரே பாய்ச்சல்! தலைப்பாகை அவிழ்ந்து மணலில் உருண்டது. ஊர்த்தலைவரின் வலது காதுக்கு முன்னால் அதே துளை.

பெரியவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி..." என்றார். "உன்னைப் பரிசல்ல ஏத்தினப்ப நான் சின்னப் பையன். நீ அழுதது இன்னும் காதுல கேக்குது. கண்ணாடியில இந்தத் துளையைப் பாக்கறப்பல்லாம் உன் ஞாபகம் வரும். அதனாலதான் மூடி வெச்சேன்."

தங்காயி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அண்ணன் இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியுது" என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

சிலம்பாயி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கண்ணை மட்டும் பாத்தீங்க, காதைப் பாத்தீங்களா? மூக்கைப் பாத்தீங்களா? ஒரு பிள்ளைக்குள்ள எத்தனை பேரு வந்து உட்கார்ந்திருக்காங்க! இன்னும் எத்தனை உசுரை இப்படித் தூக்கிக் குடுத்தீங்களோ!"

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. காராளன் வாயைத் திறந்தான். "இது என் பிள்ளை" என்றான், ஊருக்கே கேட்கும்படி. "இதைத் தொடணும்னா முதல்ல என்னைப் பரிசல் ஏத்துங்க." சிலம்பாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்போதாவது வந்ததே ரோஷம் என்று நினைத்துக்கொண்டு பிள்ளையை அவன் தோளில் போட்டாள்.

அதற்குப் பிறகு என்ன, கண் பார்க்கும் சட்டம் ஒழிந்தது என்று பறை முழங்கியது. மலையாண்டாரே ஆள் அனுப்பி மலைப்பக்கத்துச் சம்பந்திகளை வரவழைத்தார். அக்கரைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் பரிசல் பரிசலாக வந்து இறங்கினார்கள். தாய்மாமன் முதல் ஆளாகத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "நெத்தி எங்க வீட்டு நெத்தி!" என்றான். தங்காயி விடுவாளா? "காது எங்களுது!" என்று மல்லுக்கு நின்றாள்.

அன்று முதல்தான் பிள்ளை பிறந்த வீட்டில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் தொட்டிலைச் சூழ்ந்துகொண்டு, மூக்கு யாருடையது, முழி யாருடையது என்று சண்டை பிடிக்கிறது. அன்று முதல்தான், பிள்ளை நம்ம பிள்ளையா என்று யாரும் கேட்பதில்லை. யாரை உரித்து வைத்திருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.