ஏழு முறை தாண்டிய எல்லை

“ஆறையும் அழிச்சிடறேன், மேடம். ஒண்ணு மட்டும் போதும்.”

மெர்சி பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். நாற்பத்தாறாவது வயதில் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தாள். அவளுடைய வழிகாட்டி நஸ்ரின் அவளுக்கு ஒன்பது வயது இளையவர்.

சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் காற்றுபோல வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் ஓர் எல்லையில் அவற்றைத் தடுத்து விலக்கிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வந்த ஒரு விண்கலத்தின் பதிவுகளோடுதான் நான்கு வருடமாக மெர்சி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கு வெளியே துகள்கள் நெருக்கமாக இருக்கும். உள்ளே வெகு சொற்பம். எண்ணிக்கை சட்டென்று விழுந்தால், கலம் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

பதிவிலோ விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லையை ஏழு முறை தாண்டியதாகக் காட்டியது.

“கருவியில கோளாறா?” என்றார் நஸ்ரின்.

“மூணு தடவை சரிபார்த்தாச்சு. கோளாறு இல்ல.”

“அப்புறம் ஏன் அழிக்கணும்?”

“நாளைக்கு ஆய்வுக் குழு முன்னாடி நிக்கணும். நேரா வந்த கலம் ஏழு தடவை எப்படித் தாண்டும்னு கேப்பாங்க. போன தடவையே, பள்ளிக்கூடத்துலயே இருந்திருக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார்.”

மெர்சிக்குக் குரல் இறங்கிவிட்டது.

நஸ்ரின் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எல்லையை வரைங்க, அக்கா.”

வரைந்தாள்.

“உங்க விரல்தான் கலம். நேரா நகர்த்துங்க. நிக்கவும் கூடாது, திரும்பவும் கூடாது.”

மெர்சி மெதுவாக விரலை நகர்த்தினாள். விரல் கோட்டைத் தாண்டியது.

நஸ்ரின் தாளைத் தள்ளினார். கோடு விரலை முந்திக்கொண்டு போனது. இழுத்தார். பின்னால் வந்தது. மறுபடி தள்ளினார்.

“தாளை ஆட்டாதீங்க, மேடம்.”

“நானா? காத்து அடிக்குது.”

சன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியும் ஓடவில்லை.

மெர்சியின் விரல் நின்றுவிட்டது.

பிறகு பதிவை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சூரியக் காற்று எப்போது ஓங்கி அடித்தது, எப்போது தணிந்தது என்று ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.

நஸ்ரின் எழுந்து கதவருகே போனவர், திரும்பிக் கேட்டார்.

“கடைசியில கலம் எங்க இருந்துச்சு, அக்கா?”

மெர்சி நிமிர்ந்தாள்.

“உள்ள, மேடம்.”