ராஜாவுக்குப் போட்ட ஆசனம்

வீரகண்ட ராஜாவுக்கு ஒரே குழப்பம். பொழுது சாய்ந்த பிறகும் ஊர் தகித்தது.

"சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பவன் யார்?"

மந்திரிகள் ஆளுக்கொரு விசிறியை எடுத்து வீசிக்கொண்டார்கள். சமையல்காரி மருக்கொழுந்துதான் வாயைத் திறந்தாள்.

"உங்க செங்கல் சூளைங்கதான் மகாராஜா. அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு காத்து கிளம்பி மேலே சேருது. வெயிலை உள்ளே விட்டுடுது. தரையிலேர்ந்து கிளம்புற சூட்டைப் பிடிச்சு, ஒரு பங்கை நம்ம மேலயே திருப்பி விடுது."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்து கத்தினார். "தெரியாத காற்று, தெரியாத சூட்டைப் பிடிக்கிறதா? கண்ணில் படாதது எதுவும் கிடையாது! இந்தப் பொய்க்காரியின் தலையை வாங்குங்கள்!"

சேவகர்கள் வாளை எடுத்து வருவதற்குள் மருக்கொழுந்து சமையற்கட்டு அடுப்பிலிருந்த தோசைக்கல்லை இடுக்கியால் தூக்கி வந்து சிம்மாசனத்தில் வைத்தாள்.

"இதுலேர்ந்து சூடு கிளம்புறது கண்ணுக்குத் தெரியுதா மகாராஜா?"

"தெரியவில்லையே."

"அப்போ உட்காருங்க."

ராஜா குனிந்து கல்லைப் பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். உட்காரத்தான் இல்லை.