மார்பில் பதிந்த மரம்

கல்லால மரத்தின் கீழ் மௌனமாய் அமர்ந்து உலகுக்கெல்லாம் மெய்ப்பொருள் உணர்த்திய பெருமானின் திருவடிகளைச் சிந்தித்துத் தொடங்குகிறேன்.

முன்னொரு காலத்தில் மணவைநாட்டை உத்தண்டவர்மன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். அரண்மனைச் சோலை மரங்கள் ஆடையின்றி, வெடித்த மேனியோடு தன் முன்னே நிற்பது மரியாதைக் குறைவென்று ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. அமைச்சர் பதவியின்மேல் நெடுநாள் கண் வைத்திருந்த சேந்தப் பிள்ளை அதை ஆமோதித்தார். கிளைகளைக் கழித்து, மரங்களுக்கு அடிமுதல் நுனிவரை பட்டு சுற்றித் தலைப்பாகையும் கட்டுவித்தார். தோட்டக்காரர்கள் எல்லா மரத்தையும் "ஐயா" என்றே அழைத்தனர். எது எந்த மரமென்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

திருவிழா நெருங்குகையில் அம்மன் தேரின் அச்சு முறிந்தது. சோலையிலேயே மிகப் பருத்த மரத்தை வெட்டலாம் என்றார் பிள்ளை. இன்ன மரமென்று அறியாமல் வெட்டினால் தேர் நடுவீதியில் சாயும் என்று அமைச்சர் திருவேகம்பர் தடுத்தார். அரசன் சினந்தான். ஆடையை விலக்காமல் அந்திக்குள் தக்க மரத்தைக் காட்டவேண்டும். தவறினால் அமைச்சரின் முத்திரை மோதிரம் பிள்ளையின் விரலுக்குப் போய்விடும் என்றான்.

அமைச்சர் கைகூப்பினார். "அரசே, பட்டு பெற்றவரை அணிவித்தவர் மார்புறத் தழுவுவது நம் அவை வழக்கம். இந்த ஐயாமாரை இன்னும் யாரும் தழுவவில்லை."

"பெரும்பிழை. சேந்தரே, தழுவும்" என்றான் அரசன்.

சந்தனம் பூசிய வெறும் மார்போடு பிள்ளை பருத்த மரத்தை இறுகத் தழுவி, அலறிக்கொண்டு விலகினார். மார்பெங்கும் முள் குத்திய புள்ளிகள்.

அமைச்சர் அதை உற்றுப் பார்த்தார். "இலவம். தெப்பத்துக்கு ஆகும், தேர்ப்பாரம் தாங்காது."

"என்னைப் பார்த்தா சொல்கிறீர்?"

"உம் மேனியில்தானே ஐயா பதிந்திருக்கிறது."

அடுத்த மரம் மார்பில் ஒரு சுவடும் வைக்கவில்லை. வழவழத்த மேனியுடைய நீர்மருது, அச்சாக்கினால் பிளந்துவிடும் என்று அமைச்சர் அதையும் ஒதுக்கினார். மூன்றாவதைத் தழுவியபோது முதலை முதுகைப்போலக் கட்டங்கட்டமாய்ப் பதிந்தது.

"இதுதான் கருமருது. கனத்த வைரம் பாய்ந்த மரம். அச்சுக்கு இதுவே தகும்."

வெட்டிப் பார்த்தனர், கோடரி வாய் மழுங்கிற்று. அச்சு செய்து பூட்ட, தேர் குலுங்காமல் நிலைக்கு வந்தது. அரசன் மகிழ்ந்து, மோதிரம் திருவேகம்பருக்கே என்றான். மற்ற மரங்களையும் அறியவேண்டுமே என்றும் கவலைப்பட்டான்.

"ஆடையை அவிழ்த்தால் தெரிந்துவிடும், அரசே."

"கொடுத்த பட்டைப் பறிப்பது அரசர்க்கு அழகா? சேந்தர் இருக்கிறாரே."

சோலை மிகப் பெரிது. பிள்ளை மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்.

இதைக் கேட்டவர் குலம் தழைக்க, அவர் நிற்கும் இடமெல்லாம் நிழல் வாய்க்க, அம்மை அருள் புரிவாளாக.