பௌர்ணமியில் வந்த இருட்டு

முள்மூங்கில் புதருக்குள் ஒரு சருகுமான் தன் குட்டியோடு இருந்தது. மான் என்று பெயர்தானே தவிர, சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குக் கொம்பு கிடையாது. பாய்ந்து ஓடும் வேகமும் கிடையாது. உலர்ந்த இலைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் காட்டுத்தீ வந்து போனது. புதர் தப்பியது. ஆனால் புதருக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த புல்வெளி முழுவதும் எரிந்து சாம்பலாகிவிட்டது. ஒளிந்துகொள்ள ஒரு புல்கூட மிச்சமில்லை. புதரோரம் இருந்த ஊற்றும் வற்றிவிட்டது.

சாம்பல் வெளியில் ஒரு நரி திரிந்தது. கரிந்த வாடை மற்ற எல்லா வாசனையையும் மூடிவிட்டதால் அதன் மூக்கு அங்கே உதவவில்லை. கண்ணை நம்பித்தான் அது வேட்டையாடியது. ஆகவே சிறு விலங்குகள் அமாவாசையை ஒட்டிய இருட்டில் மட்டும் வெளியைக் கடந்து, குளத்தில் நீர் குடித்துவிட்டுத் திரும்பின. நிலா வெளிச்சத்தில் போனவர் எவரும் திரும்பவில்லை.

அன்றோ பௌர்ணமி.

"அம்மா, பால் வரவில்லை," என்றது குட்டி.

"இன்னும் கொஞ்சம் சப்பிப் பார், கண்ணு."

"சப்பினேனே அம்மா. வரவே இல்லை."

அதன் குரல் நேற்றைவிட மெலிந்திருந்தது. தாய் அதன் விலாவில் மூக்கை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தது. வந்தது. மறுபடியும் பார்த்தது. தண்ணீர் குடித்தால்தான் மடியில் பால் ஊறும். அமாவாசைவரை காத்திருந்தால் குட்டி பிழைக்காது. இந்த வெளிச்சத்தில் வெளியே போனால் இரண்டு பேருமே பிழைக்க முடியாது.

அப்போது பக்கத்துப் புதரிலிருந்து முயல் ஓடி வந்தது.

"அக்கா! அக்கா! நிலாவைப் பாரேன்! யாரோ கடித்துவிட்டார்கள்!"

நிலாவின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கடி விழுந்திருந்தது. பார்க்கப் பார்க்க அது பெரிதானது. குளத்துத் தவளைகள் சட்டென்று வாயடைத்துப்போயின.

"எதற்கு இப்படி நடுங்குகிறீர்கள்?" என்று புதருக்கு வெளியிலிருந்து நரியின் குரல் வந்தது. முள்ளுக்குப் பயந்து அது உள்ளே வருவதில்லை. "நிலா தேய்கிறது! தேய்ந்தால் அமாவாசை! இதுகூடத் தெரியாதா?"

"அமாவாசைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே, மாமா!" என்றது முயல்.

"இந்த மாதம் முன்னாலேயே வந்துவிட்டது! உங்களுக்கு நல்ல காலம், எனக்குக் கெட்ட காலம். விடியும்வரை கும்மிருட்டு. எனக்கு ஒன்றும் கண் தெரியப்போவதில்லை, நான் தூங்கப் போகிறேன். நீங்கள் நிதானமாகப் போய் வயிறு நிறையக் குடியுங்கள். வெளியின் நடுவில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. அதையும் ஒரு கை பாருங்கள்!"

நரி கொட்டாவி விட்டுக்கொண்டே நடந்தது. ஆனால் தூங்கப் போகவில்லை. முன்பு ஒருமுறை இப்படி நிலா மறைந்ததையும், சற்று நேரத்தில் திரும்பி வந்ததையும் அது பார்த்திருந்தது. வெளியின் நடுவைத் தாண்டி, குளத்துப் பக்கம் நின்ற ஒரு கரிந்த மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

முயல் துள்ளியது. "வா அக்கா, கிளம்பலாம்!"

"பொறு. நரிக்கு நம்மேல் என்ன திடீர்ப் பாசம்?"

"பாசமோ என்னவோ, இருட்டுகிறதா இல்லையா? கண்ணால் பார்க்கிறாயே!"

"இருட்டுகிறது. ஆனால் இது அமாவாசை இல்லை."

"நீ சரியான பயந்தாங்கொள்ளி அக்கா!"

"பயந்தவள்தான். பயத்தில்தான் ஒவ்வொரு இரவும் நிலாவையே பார்த்துக் கிடக்கிறேன். கேள். தேய்பிறையில் நிலா ஒரே இரவில் குறையாது. இரவுக்கு இரவு கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். நாளுக்கு நாள் தாமதமாக எழும். கடைசியில் விடியலுக்குச் சற்று முன்னால், சூரியன் வரும் பக்கத்தில் ஒரு கீற்றாகத் தெரியும். அமாவாசையன்று சூரியன் பக்கமே போய்விடும். இரவில் வானம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இன்று என்ன நடந்தது? சூரியன் மேற்கே இறங்கும்போது நிலா கிழக்கே முழு வட்டமாக ஏறியது. எதிரெதிரே நின்ற இரண்டும் அதற்குள் எப்படி ஒரே பக்கம் சேரும்?"

முயல் காதைச் சொறிந்தது. "அப்படியானால் இது என்னவாம்?"

தாய் மறுபடி நிலாவைப் பார்த்தது. கறுப்பின் விளிம்பு வளைந்திருந்தது. தரையில் விழும் நிழலின் விளிம்பைப் போல மங்கலாகவும் இருந்தது.

"தேய்பிறையில் நிலாவை எதுவும் மறைப்பதில்லை. வெயில் படும் பக்கம் நம் கண்ணைவிட்டு விலகிப் போகிறது, அவ்வளவுதான். இன்று அப்படி இல்லை. எதனுடைய நிழலோ அதன்மேல் விழுகிறது. சூரியன் நம் காலடி மண்ணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நிலா இந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் இருப்பது என்ன?"

"நாம்தான் இருக்கிறோம்."

"நாம் நிற்கிற மண்! இந்தப் பூமியின் நிழல்தான் அது. நிலா ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிழலைத் தாண்டியதும் முழு நிலவாகவே வெளியே வரும். விடியும்வரை காத்திருக்காது."

"அப்படியென்றால் போகவே கூடாதா?"

தாய் குட்டியைப் பார்த்தது. அது கண்ணை மூடிக் கிடந்தது.

"போகத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வர நேரம் இருக்காது. குட்டியைக் கூட்டிக்கொண்டு நேராகக் குளக்கரைக்குப் போகிறேன். அங்கே நாணல் அடர்ந்து கிடக்கிறது. அங்கேயே தங்கிவிடுவேன். வழியில் எதற்கும் நிற்கக் கூடாது. நீயும் என் பின்னாலேயே வந்துவிடு."

"சரி, சரி!" என்றது முயல்.

நிலா முழுவதும் நிழலுக்குள் போனது. ஆனால் காணாமல் போகவில்லை. செம்புத் தட்டுபோல, மங்கிய சிவப்பாக வானத்திலேயே நின்றது.

"பார், அமாவாசையன்று இப்படி ஒன்று வானத்தில் தெரியுமா?" என்று சொல்லிவிட்டுத் தாய் சாம்பலில் கால் வைத்தது.

குட்டி தள்ளாடியது. கொஞ்ச தூரம் நடந்தது, விழுந்தது. தாய் மூக்கால் முட்டி எழுப்பியது. மறுபடி விழுந்தது. மறுபடி எழுப்பியது.

வெளியின் நடுவில் முயல் நின்றுவிட்டது. "அக்கா, துளிர்! எவ்வளவு இளசு!" என்று கிசுகிசுத்தது.

"வேண்டாம், வா!"

"நரி சொன்னது பொய் இல்லை அக்கா! துளிர் இருக்கிறது என்றது, இருக்கிறதே! இருட்டும் அப்படியேதான் இருக்கிறது!"

"கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடு!"

"நீ நட. உன் குட்டி நடக்கிற நடைக்கு, நான் இரண்டு தாவலில் பிடித்துவிடமாட்டேனா!"

அதற்குமேல் நின்று பேசத் தாயால் முடியவில்லை. குட்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தது. கரிந்த மரத்தின் பக்கம் வந்தபோது குட்டியின் குளம்பில் ஒரு சுள்ளி முறிந்தது.

"யாரது?" என்று நரி எழுந்தது.

தாய் அப்படியே நின்றது. தன் தாடையைக் குட்டியின் முதுகின்மேல் அழுத்தி வைத்தது. நரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அதன் மூச்சுச் சத்தம் கேட்கும் தூரம்தான். குட்டியின் இதயம் தாயின் தாடையில் படபடவென்று அடித்தது. நரி சாம்பலை முகர்ந்தது, தும்மியது, வேறு பக்கம் நடந்தது.

தாய் நகர்ந்தது. நாணல் தெரியத் தொடங்கியது. அந்நேரம் நிலாவில் முதலில் மறைந்த ஓரமே முதலில் வெளுத்தது. நகக்கீற்று அளவு வெளிச்சம்தான். அதுவே போதும், வெளி முழுவதும் துலங்கிவிட்டது!

"ஓடு, கண்ணு! ஓடு!"

குட்டியை முட்டித் தள்ளித் தள்ளி, தாய் நாணலுக்குள் விழுந்தது.

வெளியின் நடுவில், வாய் நிறையத் துளிரோடு முயல் நின்றது. அதன் நிழல் கறுப்பாகச் சாம்பலில் படுத்திருந்தது.

"அக்கா! எந்தப் பக்கம் அக்கா?"

"என் பக்கம் வா, கண்ணே!" என்றது நரி. "அமாவாசை முடிந்துவிட்டது!"

ஒரே ஓர் அலறல். பிறகு ஒன்றும் இல்லை.

தாய் குளத்தில் வாய் வைத்தது. தலையைத் தூக்கி வெளியைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் குடித்தாக வேண்டும். குடித்தது. கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் மடி கனத்தது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. கடைவாயில் பால் வழிந்தது. வயிறு நிறைந்த பிறகுதான் அது தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது.

"முயல் சித்தி எங்கே, அம்மா?"

தாய் குட்டியின் கடைவாயில் வழிந்த பாலை நக்கித் துடைத்தது.

"இருட்டு விடியும்வரை இருக்கும் என்று நம்பிவிட்டாள், கண்ணு," என்றது.

எல்லா இருட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்; அது எதனால் வந்தது, எவ்வளவு நேரம் நிற்கும் என்று அறியாமல் அதை நம்பி நிற்கக் கூடாது.