எல்லோருக்கும் ஒரே கேள்வி

"பொதுத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா," என்றார் அறவாழி.

நாட்டின் புதிய கல்விக் கொள்கையை எழுதும் குழுவுக்கு அவர்தான் தலைவர். அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே கேள்வித்தாள் என்பது திட்டம். தேறாத பிள்ளை அதே வகுப்பில் நிற்கும். குழுவில் பாதிப் பேர் வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் கூடாது என்றார்கள். மறுநாள் மாலை அமைச்சர்கள் முன்னால் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.

மலைமேல் குடியிருக்கும் கோதையம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனம் குழம்பும்போதெல்லாம் அறவாழி இந்த மலையேறி வந்து அவர் எதிரில்தான் உட்காருவார்.

அம்மை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்."

அறவாழி இறங்கிப் போனார். எளிய வகுத்தல் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதினார். விடைகளைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தார்.

"பாதிக்கு மேல் தெரியவில்லை அம்மா."

"தெரியாத ஒரு பிள்ளையின் பெயர் சொல்லுங்கள்."

அவர் யாருடைய பெயரையும் கேட்டிருக்கவில்லை.

அம்மை மீண்டும் காய் நறுக்கத் தொடங்கினார். அறவாழி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். சற்றுக் கோபத்தோடுதான் மறுபடியும் இறங்கினார்.

கடைசி வரிசையில் சிலேட்டில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்த சிறுமியின் பெயர் பவுனு. ஏன் தெரியவில்லை என்று கேட்டார். வகுத்தல் இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை என்றாள். டீச்சர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மிச்சமிருப்பது ஒரு வாத்தியார். எல்லா வகுப்பும் அவருக்குத்தான். சின்னப் பிள்ளைகளை எழுதவைத்துவிட்டு அவர் இந்தப் பக்கம் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அறவாழி தரையில் உட்கார்ந்தார். வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொன்னார். நாலு பேருக்குப் பங்கு வைக்கச் சொன்னார். பவுனு ஒரு பையனுக்கு மட்டும் கூடுதலாக வைத்தாள்.

"அவன் வீட்ல ஆளு ஜாஸ்தி சார்."

அறவாழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணக்கில் எல்லோருக்கும் சமமாக வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பவுனுவுக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. ஆனாலும் வைத்தாள். வெயில் சாய்வதற்குள் கொட்டைகள் இல்லாமலே கணக்குப் போட்டாள். சிலது சரி, ஒன்றிரண்டு தப்பு. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளி விட்டபின் மலையேறினார்.

"பவுனு," என்றார் வந்ததும்.

அம்மை தலையசைத்தார். "இப்போது சொல்லுங்கள். தேர்வு வேண்டுமா?"

"நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால், அங்கே டீச்சர் இல்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது."

"அப்படியானால் வேண்டும்."

"ஆனால் தேர்வு வைத்தால் தோற்றுப்போவது அந்தப் பெண்தான் அம்மா."

"அப்படியானால் வேண்டாம்."

அம்மை இலை போட்டுச் சோறு பரிமாறினார்.

"கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள்," என்றார் அறவாழி. "நாளைக்கு யாரு சார் வருவாங்க என்று."

"என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கை வைக்கவில்லை.

"நாளை அமைச்சர்கள் எதிரில் நான் என்ன விடை சொல்வேன் அம்மா?"

"விடை ஏன் சொல்கிறீர்கள்?" என்றார் கோதையம்மை. "பவுனு கேட்டதை அவர்களிடம் கேளுங்கள்."