பயறும் தைலமும்

துறைமுகச் சாலையில் காலியாகக் கிடந்த ஓர் உப்புக் கிடங்கில் செந்தூர்க்கனி குங்ஃபூ கற்றுக்கொடுத்தாள். மாணவர்கள் அவளை மாஸ்டர் என்று அழைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய் மாஸ்டரைத் தேடிவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்கு அவள் பழகியிருந்தாள். மற்ற விஷயங்களில் அவளுக்குப் பொறுமை குறைவு.

ஜெனோவாவும் அப்படித்தான் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள். இடுப்பில் பிள்ளை இருந்தது.

“மாஸ்டர் எங்கம்மா?”

“சொல்லுங்கக்கா.”

“மாஸ்டர்கிட்டதான் சொல்லணும்.”

“அதான் சொல்லுங்கன்னு சொல்லுதேன்.”

ஜெனோவா அவளை மேலும் கீழும் பார்த்தாள். தன்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். கையில் ஆறிப்போன டீ.

“என் கை இரும்பு மாதிரி ஆகணும்.”

“எதுக்கு?”

“கோயில் திருநாள் கூட்டத்துல எவனோ பிள்ளையை என் கையில இருந்து இழுத்துட்டான். கழுத்துச் சங்கிலிக்காக. அறுத்துக்கிட்டுப் பிள்ளையை விட்டுட்டான். கொடிமரத்துக்குப் பக்கத்துல நின்னு அழுதுட்டு இருந்தா. சங்கிலி போனாப் போவட்டும் மாஸ்டர். ஆனா என் கை எவ்வளவு லேசாத் திறந்துச்சு தெரியுமா? வாழைப்பூ மடலை உரிச்ச மாதிரி.”

“பிள்ளையோட அப்பா?”

“கப்பல்ல இருக்காங்க. நானும் இவளும்தான் வீட்டுல. இப்பம் தூங்கும்போதுகூட நான் இவ கையை விடுததில்லை.”

பிள்ளையின் பெயர் செரின். இரண்டு வயது தாண்டியிருந்தது. அது கீழே இறங்குவதற்காகத் திமிறிக்கொண்டிருந்தது. ஜெனோவா இறக்கிவிடவில்லை.

செந்தூர்க்கனி உள்ளே போய் ஒரு கித்தான் பையும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தாள்.

“பையில பாசிப்பயறு இருக்கு. பலகை மேல வச்சு உள்ளங்கையால அடிக்கணும். அப்புறம் புறங்கை. பாட்டில்ல தைலம். எவ்வளவு நேரம் அடிச்சீங்களோ அவ்வளவு நேரம் தைலம் போட்டுத் தேய்க்கணும். பயறு பொடிஞ்சு மாவாகுத வரைக்கும் இந்தப் பைதான். அப்புறந்தான் ஜல்லி. அதுக்கப்புறம் இரும்புக் குண்டு.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“பயறு பொடியணும்.”

“சுமாரா?”

“அக்கா, பயறு பொடியணும்.”

ஜெனோவா தினமும் வந்தாள். நேரத்துக்கு அவள் கடிகாரம் பார்க்கவில்லை. பத்து ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லும்வரை அடித்தாள். பத்து சொல்லும்வரை தேய்த்தாள். முடிந்ததும் பையைத் தூக்கிக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“மாஸ்டர், பொடியுத மாதிரி சத்தம் கேக்கு.”

“கேக்கலை.”

“இன்னும் எவ்வளவு நாள்?”

“நீங்க கேக்குத கேள்விக்கு அந்தப் பயறு முளைச்சே இருக்கும்.”

கிடங்கின் மறுகோடியில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த இசக்கிராஜ் சிரித்தான். அவன் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ஆள் பெரிய உருவம். சிரித்தால் கிடங்கு முழுவதும் எதிரொலிக்கும்.

“எலேய், சிரிச்சா இன்னொரு ஐம்பது எடு,” என்றாள் மாஸ்டர்.

ஒருநாள் கை வைக்கும் கோணத்தைத் திருத்துவதற்காக மாஸ்டர் ஜெனோவாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜெனோவா திகைத்தாள். மாஸ்டரின் உள்ளங்கை மெத்தென்று இருந்தது. முந்தின நாள்தான் அந்தக் கை மூன்று ஓடுகளை அடுக்கி வைத்து உடைத்திருந்தது.

“உங்க கை ஏன் காய்ச்சுப் போகலை?”

“தைலம்.”

“தைலம் கையை மெத்துன்னு ஆக்கிரும்னா, அப்புறம் எதுக்கு அடிக்கணும்?”

செந்தூர்க்கனி கண்ணை மூடித் திறந்தாள். “அடிங்கக்கா.”

ஜெனோவா அடித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கான்வென்டில் சிஸ்டர் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதிக் காட்டி வளர்ந்தவள் அவள். பாதி நேரம் அடித்துப் பாதி நேரம் தேய்ப்பது, பாதி வேலையை விட்டுவிடுவதாக அவளுக்குப் பட்டது. பையை வீட்டுக்கும் எடுத்துப்போய், பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் அவள் அடித்தாள். தேய்க்கும் நேரத்தையும் சேர்த்து அடித்தாள். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கேட்டுச் சின்ன ஜல்லி ஒரு வாளி வாங்கி வந்தாள். பயற்றைக் கொட்டிச் சுண்டல் செய்தாள். பையில் ஜல்லியை நிரப்பினாள்.

முதலில் வலித்தது. பிறகு வீங்கியது. பிறகு வலிக்கவில்லை. அந்த மூன்றாவது மாற்றத்துக்காக அவள் மெழுகுவர்த்தி ஏற்றி நன்றி சொன்னாள்.

பிள்ளைக்குச் சட்டை போடும்போது பித்தான் விரலில் அகப்படவில்லை. தையல்காரர் சின்னதாக வைத்துவிட்டார் என்று திட்டினாள். கன்னத்தைத் தடவினால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“குத்துதும்மா,” என்றது.

“அம்மா கை இரும்புடி தங்கம்,” என்றாள்.

கிடங்கில் டீ வந்த ஒரு மாலை. டீக்கடைக்காரர் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிக் கொடுத்த டீ. இசக்கிராஜ் துண்டின் நுனியால் கிளாஸைப் பிடித்து, அப்படியும் தாங்காமல் கீழே வைத்தான். ஜெனோவா அதை வெறுங்கையால் எடுத்தாள். விரல்களால் சுற்றிப் பிடித்து உயர்த்திக் காட்டினாள்.

“பாருங்க மாஸ்டர். சுடவே இல்லை.”

இசக்கிராஜ் கைதட்டினான். “அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா இடுக்கி இல்லன்னு கத்துதா.”

மாஸ்டர் கைதட்டவில்லை. கிளாஸை வாங்கித் தரையில் வைத்துவிட்டு ஜெனோவாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் உள்ளங்கையைக் கீறினாள்.

“என்ன தெரியுது?”

“என்ன தெரியணும்?”

மாஸ்டர் எழுந்துபோய் ஜெனோவாவின் பையைத் தூக்கினாள். அதன் கனம் அவள் தோளில் தெரிந்தது. பையை அப்படியே தரையில் போட்டாள். கல் நெரிந்தது.

“யார் ஜல்லி போடச் சொன்னது?”

“நானாத்தான்…”

“பயறு எங்க?”

“சுண்டல் பண்ணிட்டேன்.”

“தைலம்?”

ஜெனோவா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பாட்டில் நாட்கணக்கில் மூடி திறக்காமல் வீட்டு அலமாரியில் நின்றது.

செந்தூர்க்கனி இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு வர்ற ஆளுங்க எல்லாம் சோம்பேறியா இருந்தா ஒழுங்கா அதட்டி வேலை வாங்கிருவேன். சொன்னதுக்கு மேல செய்யுத ஆளை நான் என்ன பண்ணட்டும்? அக்கா, இன்னைக்கே பையை மாத்துங்க. மறுபடியும் பயறுல இருந்து. அதுவும் இப்பம் அடி வேண்டாம். தைலம் மட்டும்.”

“மாஸ்டர்!”

“தைலம் மட்டும்.”

“பின்னாடி போகச் சொல்லுதீங்க.”

“ஆமா.”

“நான் இவ்வளவு பாடுபட்டது?”

“பாடுபடச் சொன்னேனா?”

ஜெனோவாவின் குரல் உடைந்தது. “உங்களுக்குப் பிள்ளை இல்லை மாஸ்டர். கூட்டத்துல வெறுங்கையோட நின்னு பார்த்தாத்தான் தெரியும். ஒவ்வொரு முகமா ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளையும் என் பிள்ளை மாதிரியே சட்டை போட்டிருக்கு. நான் கெட்டியா இருக்கணும். நீங்க என்னை மெத்துன்னு ஆக்கப் பாக்குதீங்க.”

 இசக்கிராஜ் துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குப் பரீட்சை வைங்க,” என்றாள் ஜெனோவா. “ஓடு, செங்கல் எது வேணும்னாலும் வைங்க. தோத்தா நீங்க சொல்லுதபடி தைலம் தேய்க்கேன். ஜெயிச்சா ஜல்லிதான்.”

மாஸ்டர் ஜல்லிப் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

“செங்கல் எதுக்கு? செங்கலா வந்து பிள்ளையை இழுக்கப் போகுது? நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் ஜெனோவா செரினைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிள்ளையின் செருப்பையும் கழற்றி வைத்தாள். கிடங்கின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. வெளியே உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

மாஸ்டர் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டாள்.

“இதுக்குள்ள குதிரை நிலையில நில்லுங்க. இடது கையில பிள்ளையைப் பிடிச்சுக்கோங்க. இசக்கி உங்களைத் தள்ளுவான், இழுப்பான், அடிப்பான். பிள்ளையைத் தொட மாட்டான். வட்டத்தை விட்டு நீங்க வெளிய வரக் கூடாது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

ஜெனோவா கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நின்றாள். இடது கைக்குள் செரினின் கையை வாங்கி விரல்களை மூடினாள். பிள்ளையின் கை வழக்கம்போல வேர்வையில் நனைந்திருந்தது. அதைப் பிள்ளையின் பாவாடையிலேயே துடைத்தாள். மறுபடியும் மூடினாள்.

“எலேய், அக்கான்னு பார்க்காதே,” என்றாள் மாஸ்டர்.

“அடிச்சா மாமா கப்பல்ல இருந்து இறங்கி வந்துரக் கூடாது,” என்று சொல்லிக்கொண்டே இசக்கிராஜ் நெருங்கினான்.

முதலில் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் அசையவில்லை. இரண்டு கைகளாலும் தள்ளினான். அவளுடைய குதிகால் தரையில் உரசியது. நிலை மாறவில்லை. வலது முன்கையில் அடித்தான். அவள் அந்த அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடித்தாள். இசக்கிராஜ் கையை உதறினான்.

“யம்மா! நிசமாவே கல்லுதான்.”

“வா,” என்றாள் ஜெனோவா. கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவில்லை. எதிரியின் நெஞ்சைப் பார்க்க வேண்டும், அங்கிருந்துதான் கையும் காலும் கிளம்பும் என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதை அவள் மறக்கவில்லை.

அவன் தொடையில் உதைத்தான். முழங்காலால் இடித்தான். வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தான். கூட்டத்தில் எவனோ முறுக்கியதும் இப்படித்தான். அன்று திறந்த கை இன்று திறக்கவில்லை. ஜெனோவா பல்லைக் கடித்து இடுப்பைத் தாழ்த்தினாள். இழுத்தவன்தான் தள்ளாடினான்.

மாஸ்டர் அவளுக்குப் பின்னால் மெல்ல நடந்து போவது காதில் விழுந்தது. சுற்றி வந்து நிலையைப் பார்க்கிறாள் என்று நினைத்து ஜெனோவா முதுகை இன்னும் நிமிர்த்தினாள்.

இசக்கிராஜின் பார்வை ஒரு நொடி அவளைத் தாண்டிப் போனது. அவன் உதட்டோரம் என்னவோ துடித்தது. தன்னைக் கேலி செய்கிறான் என்று ஜெனோவாவுக்குச் சுருக்கென்றது. இடது கையை இன்னும் இறுக்கினாள்.

“சிரிக்காதே. வா!”

அவன் மறுபடி வந்தான். தலையைக் குனிந்துகொண்டு காளை மாதிரி வந்து மோதினான். சாக்கட்டிக் கோடு அவளுடைய குதிகாலுக்கு ஒரு விரற்கடை பின்னால் இருந்தது. அது அப்படியே இருந்தது. இசக்கிராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கும்பிட்டான்.

“என்னால முடியாது. லாரி வச்சு இழுத்தாத்தான் உண்டு.”

ஜெனோவாவுக்குக் கண்ணீர் வந்தது. நெற்றி வேர்வை அதில் கலந்து எரிந்தது. துடைக்கவில்லை. நிலையைக் கலைக்கவும் இல்லை. திருநாளிலிருந்து அவள் இப்படி மூச்சை முழுதாக உள்ளே இழுத்ததில்லை.

“மாஸ்டர்,” என்றாள், எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடியே. “இப்பம் சொல்லுங்க. இனி எவனாவது வந்து என் பிள்ளையை என் கையில இருந்து பறிச்சிர முடியுமா?”

பதில் பின்னால் ஷட்டர் பக்கத்திலிருந்து வந்தது.

“யாரும் பறிக்கலைக்கா. அவளே கையை உருவிக்கிட்டு வந்து ரொம்ப நேரமாச்சு. ரோட்டுக்குப் போயிராம நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்.”