முதலையைப் பார்த்தவர்

"ஏழு புத்தகத்துல இருக்கும்மா. இன்னும் என்ன வேணும்?"

கேட்டவர் சங்கிலிமுத்து. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு, ஏரிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதப் புகுந்தவர். அவருடைய நெறியாளர் மங்கையர்க்கரசிக்கு அவர் மகள் வயதுதான்.

தகராறு ஒரு முதலையைப் பற்றி. அவருடைய ஊரான செம்மடையின் ஏரியில் தண்ணீர் திருட்டைத் தடுக்க, அந்தக் காலத்தில் மடைக்கு மடை முதலை வளர்த்துக் காவல் வைத்தார்கள் என்பது அவர் ஆய்வின் உயிர்நாடி. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சேறு என்று நினைத்தார். நெறியாளர் கையெழுத்து விழாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் பாழ்.

கையெழுத்து விழவில்லை.

"ஏழு பேர்ல முதலையைப் பார்த்தது யாருங்கய்யா?"

சங்கிலிமுத்துவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பார்த்தவனைக் கண்டுபிடிக்காமல் இந்தப் படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஏழாவது புத்தகத்தின் அடிக்குறிப்பு ஆறாவதைக் காட்டியது. ஆறாவது ஐந்தாவதை. மதுரையில் ஒரு நூலகர், அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றார். கரையான் தின்னாத பிரதியைத் தேடித் தஞ்சாவூர் போனார். மழையில் நனைந்தார், ஊர்ப்பட்ட தூசியைத் தும்மினார், விடவில்லை. முதலை முன்னே போக, இவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனார்.

வால் போய் முடிந்த இடம் ஒரு பழைய கும்பாபிஷேக மலர். அதில் யாரோ எழுதிய கட்டுரையின் அடியில் ஒரே வரி: தகவல் தந்தவர், செம்மடை சங்கிலிமுத்து, மின்வாரியம்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. எப்போதோ ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் கண்ணாடி போட்ட ஒருவர், உங்கள் ஏரியில் தண்ணீர் திருட்டே கிடையாதாமே என்று கேட்டிருந்தார். பாயசம் வருகிற வரைக்கும் பொழுது போகட்டும் என்று சங்கிலிமுத்து முதலையை அவிழ்த்துவிட்டார். சொன்னதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள அவருக்கு என்ன இரண்டு தலையா?

மலரைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

மங்கையர்க்கரசி படித்தார். சிரிக்கவில்லை.

"இந்தச் சங்கிலிமுத்து எப்படிப்பட்ட ஆளுங்கய்யா? நம்பலாமா?"

சங்கிலிமுத்து தன் ஆய்வேட்டிலிருந்து முதலை அத்தியாயத்தை உருவினார். மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நம்பக் கூடாதும்மா."

மிச்சமே போதும், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார் மங்கையர்க்கரசி.

சங்கிலிமுத்து மிச்சத் தாள்கட்டைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இருங்கம்மா. இதுலயும் அந்தப் பய எங்கயாவது நுழைஞ்சிருக்கானான்னு பார்த்துட்டு வர்றேன்."